மொட்டை, காதுகுத்து, கூடவே காதுப் பரிசோதனை

பேச்சு வராத பிள்ளையைத் திருச்செந்தூருக்குத் தூக்கிவருவது நம் பக்கத்து வழக்கம். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்து ஐந்து வயதுவரை பேசாதிருந்த குமரகுருபரர், இந்தச் சந்நிதியில்தான் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நேர்த்திக்கடன் தாராளமாகச் செலுத்துங்கள். உதடோ அண்ணமோ பிளந்து பிறந்த பிள்ளை என்றால் இவற்றையும் கவனியுங்கள்.

செய்ய வேண்டியவை

• கடுக்கன் போடும் காது கேட்கிறதா என்று பாருங்கள். காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாயைத் திறந்துவிடுவது அண்ணத்துத் தசைதான். அண்ணம் பிளந்திருந்தால் குழாய் சரியாகத் திறக்காது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்ளும். பல பிள்ளைகளுக்கு வலியே இருக்காது, அதனால் யாருக்கும் தெரியாது. "மூணு தடவை கூப்பிட்டும் திரும்ப மாட்டேங்கான், என்ன பிடிவாதம்!" என்று ஆச்சி அலுத்துக்கொள்வார். அவனுக்குக் கேட்டே இருக்காது. டிவி சத்தத்தைக் கூட்டுவதும் வகுப்பில் பராக்குப் பார்ப்பதும்கூட இதனால் இருக்கலாம்.

• 'அப்பா' சொல்லச் சொல்லி, மூக்குக்குக் கீழே சின்னக் கண்ணாடியைப் பிடியுங்கள். சொல்லும் அந்த நொடியே ஆவி படிந்தால் காற்று மூக்கு வழியே ஒழுகுகிறது. 'அப்பா' கிட்டத்தட்ட 'அம்மா' என்றே கேட்கும். அண்ணத்தைத் தைத்த பிறகும் இப்படி இருந்தால் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.

• உதட்டு அறுவை மூன்று மாதத்துக்குப் பின், அண்ண அறுவை ஒன்றரை வயதுக்குள். அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் கேளுங்கள். 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய கார்யக்ரம் பட்டியலில் பிளவும் உண்டு, சிகிச்சைக்குக் காசில்லை.

• நிமிர்த்தி வைத்து, சங்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் புகட்டுங்கள்.

செய்யக்கூடாதவை

• "கிரகணத்தில் வெளியே வந்தாள்" என்று தாயைக் குத்தாதீர்கள். உலகில் ஏறக்குறைய 700 குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது. கிரகணமே தெரியாத ஊர்களிலும்தான்.

• நாக்கில் வசம்பு தேய்க்காதீர்கள். நாக்கு என்ன தப்பு செய்தது?

• பேச்சு குழறுவதால் புத்தி மந்தம் என்று முடிவுகட்டாதீர்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் புத்தியில் குறையே இல்லை.

• விருந்தாளி முன்னால் "எங்கே, பாட்டுப் பாடு" என்று நிறுத்திவைக்காதீர்கள். 'மூளி' என்று செல்லமாகவும் வேண்டாம்.

• தலையில் சந்தனத்தோடு கடற்கரையில் படம் எடுக்கும்போது, "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பு" என்று சொல்லாதீர்கள். சிரிக்கும்போது கையால் வாயை மூடப் பிள்ளை அங்கேதான் கற்றுக்கொள்கிறது.