பற்றுக் கணக்கில் நிபந்தனையோடு எண்ணும் முறை



கேமரன் மலையில் 1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தோட்டம் உள்ள இடத்தில் கடை உண்டு. கடை உள்ள இடத்தில் பற்று உண்டு. சம்பளம் கைக்கு வரும்வரை அரிசியும் பருப்பும் பற்றில்தான் போகும். அந்தப் பற்றை நாம் 555 நோட்டில் எழுதி வந்தோம். வாங்குபவர் கையில் ஒன்று, கடையில் ஒன்று. இப்போது நம்மில் பலர் கடை நோட்டை எக்செல் தாளுக்கு மாற்றிவிட்டோம். எழுதுவது சுலபமாயிற்று. ஆனால் எழுதியதிலிருந்து சரியாக எண்ணி எடுப்பது தனி விஷயம். அதில் நாம் ஒரு பிழை செய்தோம். அதைச் சொல்லியே பாடத்தைத் தொடங்குகிறோம்.

ஒரு ரமலானுக்கு முன், ஸகாத் கணக்குப் பார்க்க உட்கார்ந்து, மூன்று மாதத்திற்கு முற்பட்ட பற்றுகளைத் தாளில் எண்ணினோம். தேதியை மட்டுமே பார்த்தோம். அதில் அகப்பட்ட எல்லோருக்கும் கடைப் பையனிடம் சொல்லியனுப்பினோம். மறுநாள் தோட்டத்திலிருந்து பெரியவர் ஒருவர் மழையில் நனைந்து வந்தார். பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்த 555 நோட்டை எடுத்து விரித்து, "பாய், இது உங்க கையெழுத்துதானே?" என்றார். பணம் தீர்ந்துவிட்டதென்று நாமே எழுதிக் கொடுத்திருந்தோம். தாளிலும் அந்த வரிக்கு நேரே "தீர்ந்தது" என்றே இருந்தது. அந்தப் பத்தியை நாம் பார்க்கச் சொல்லவில்லை, அது பார்க்கவுமில்லை. மாப்புக் கேட்டோம். கொடுத்த தேத்தண்ணீரைக்கூடக் குடிக்காமல் அவர் போய்விட்டார்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், இரண்டாம் அத்தியாயத்தின் 282-ஆம் வசனம், கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை நாம் அறிவோம். எழுதி வைத்தும் தவறாகப் படித்தால் எழுதியதன் பயன் என்ன?

நிபந்தனை என்பது நமக்குப் புதிதல்ல. ஸகாத் கடமையாவதற்கு, பொருள் நிஸாப் அளவை எட்டவும் வேண்டும், ஓராண்டு நிறையவும் வேண்டும். ஒன்று இருந்து மற்றது இல்லையெனில் கடமையில்லை. இது "இதுவும் அதுவும்" என்ற வகை. ஸகாத் பெறத் தகுதியானவர்களோ எட்டு வகையினர். அவற்றில் ஏதேனும் ஒன்றில் சேர்ந்தாலே போதும். இது "இதுவோ அதுவோ" என்ற வகை. எக்செல் எண்ணிக்கையும் இந்த இரண்டு வகைதான்.

ஒரு சிறு தாளை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஏ பத்தியில் பற்றுக்காரர் எண், பி-யில் இடம், சி-யில் தொகை ரிங்கிட்டில், டி-யில் 2025-ஆம் ஆண்டுத் தேதி, ஈ-யில் நிலை. முதல் வரி தலைப்பு. கணக்கு இரண்டாம் வரியில் தொடங்குகிறது.

2. 101, ஹபு, 40, ஜனவரி 10, பாக்கி
3. 102, ரிங்லெட், 75, ஜனவரி 18, தீர்ந்தது
4. 101, ஹபு, 60, பிப்ரவரி 3, பாக்கி
5. 103, ஹபு, 90, பிப்ரவரி 12, தீர்ந்தது
6. 104, ரிங்லெட், 120, மார்ச் 5, பாக்கி
7. 105, ஹபு, 25, ஏப்ரல் 20, பாக்கி
8. 106, பிரிஞ்சாங், 55, மே 2, பாக்கி
9. 103, ஹபு, 80, மே 9, பாக்கி

ஏப்ரல் 1-க்கு முந்திய வரிகள் ஐந்து. நாம் செய்த பிழை இந்த ஐந்தையும் பாக்கி என்று கொண்டதே. "பாக்கி" என்ற நிபந்தனையையும் சேர்த்தால் மூன்றுதான். "ஹபு" என்பதையும் சேர்த்தால் இரண்டு.

இப்படி எண்ணுவதற்கான கட்டளையின் பெயர் கவுண்ட்இஃப்ஸ். கவுண்ட், இஃப்ஸ் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களையும் இடைவெளியின்றிச் சேர்த்து எழுத வேண்டும். எக்செல்லில் இது 2007-ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தது. கூகுள் தாளிலும் உண்டு. காலியான ஒரு கட்டத்தில் இவ்வாறு எழுதுக. கட்டளைப் பெயரும் பத்தி எழுத்துக்களும் ஆங்கிலத்தில் இருக்கட்டும்:

=கவுண்ட்இஃப்ஸ்(பி2:பி9,"ஹபு",ஈ2:ஈ9,"பாக்கி",டி2:டி9,"<"&டேட்(2025,4,1))

எந்தப் பத்தியில் பார்க்க வேண்டும், அதில் என்ன இருக்க வேண்டும் என்று ஜோடி ஜோடியாகச் சொல்கிறோம், அவ்வளவே. எல்லா ஜோடிகளும் பொருந்தும் வரி மட்டுமே எண்ணப்படும். விடை 2. இவ்வாறு 127 ஜோடிகள் வரை கொடுக்கலாம். நமக்கு மூன்று நான்கு போதும்.

இனி "இதுவோ அதுவோ" வகை. ஹபுவிலோ ரிங்லெட்டிலோ உள்ள பாக்கி வரிகள் எத்தனை? இரண்டையும் தனித்தனியே எண்ணிக் கூட்டுக: 4-உம் 1-உம் 5. ஒரு வரி இரண்டு ஊரில் இருக்க முடியாதாகையால் கூட்டினால் போதும். ஆனால், ஏப்ரலுக்கு முந்தியதோ 50 ரிங்கிட்டுக்கு மேற்பட்டதோ ஆன பாக்கி எத்தனை என்றால் ஜாக்கிரதை தேவை. முந்தியவை 3, தொகையால் மேற்பட்டவை 4, கூட்டினால் 7. ஆயினும் 4-ஆம் வரியும் 6-ஆம் வரியும் இரண்டிலும் அகப்பட்டு இருமுறை எண்ணப்பட்டுவிட்டன. இரண்டும் சேர்ந்து பொருந்தும் அந்த 2-ஐக் கழித்தால் சரியான விடை 5.

சில எச்சரிக்கைகள்:

முதலாவது, எல்லாப் பத்திகளிலும் வரிகளின் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் 9 வரையும் மற்றொன்றில் 10 வரையும் எழுதினால் விடைக்குப் பதில் பிழைக் குறி வரும்.

இரண்டாவது, தொகைப் பத்தியில் எண்ணை மட்டும் எழுதுக. "60 ரிங்கிட்" என்று கையால் எழுதினால் அது எழுத்தாகிவிடும். 50-க்கு மேல் என்று கேட்டால் அகப்படாது.

மூன்றாவது, "பாக்கி" என்பதற்குப் பின் ஓர் இடைவெளி விழுந்திருந்தாலும், "பாகி" என்று எழுதியிருந்தாலும் அந்த வரி விட்டுப்போகும். நிலைப் பத்தியை வெறுமையாக விட்டாலும் அப்படியே. இதைக் கண்டுபிடிக்க வழி, "பாக்கி"யையும் "தீர்ந்தது" என்பதையும் தனித்தனியே எண்ணிக் கூட்டிப் பார்ப்பது. மேற்கண்ட தாளில் 6-உம் 2-உம் சேர்ந்து 8. மொத்த வரிகளும் 8. ஐந்தொகைபோல் இரு பக்கமும் ஒத்து வந்தால் எந்த வரியும் நழுவவில்லை.

நான்காவது, வரி வேறு, ஆள் வேறு. ஹபுவின் பழைய பாக்கி இரண்டு வரிகள்; ஆனால் இரண்டும் 101-ஆம் எண்காரர் ஒருவருடையவை. வரியை எண்ணிவிட்டு "இரண்டு பேர் தரவில்லை" என்று சொல்லலாகாது. தொகை வேண்டுமானால் சம்இஃப்ஸ் என்ற கட்டளை உண்டு. அதில் கூட்ட வேண்டிய தொகைப் பத்தியை முதலில் சொல்லிவிட்டு, பிறகு இதேபோல் ஜோடிகளை எழுத வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன், கேள்வியை முதலில் தமிழில் ஒரு தாளில் முழுமையாக எழுதுங்கள். "ஏப்ரலுக்கு முந்திய, இன்னும் தீராத, ஹபுவைச் சேர்ந்த பற்று எத்தனை?" என்று எழுதினால் மூன்று நிபந்தனைகளும் கண்முன் நிற்கும். தொழுகைக்கு நிய்யத் போல எண்ணிக்கைக்குக் கேள்வி. நாம் கேட்டதைத்தான் இயந்திரம் எண்ணும். கேட்க மறந்ததை அது ஞாபகப்படுத்தாது.

வந்த எண்ணிக்கையைக் கொண்டு என்ன செய்வது என்பதற்கும் அதே அத்தியாயத்தின் 280-ஆம் வசனம் வழிகாட்டுகிறது: கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை தவணை தர வேண்டும், விட்டுக்கொடுப்பது அதனினும் மேல் என்பது அதன் கருத்து. யாருக்குத் தவணை தர வேண்டும் என்று அறியவும் சரியான எண்ணிக்கை வேண்டுமல்லவா?

இப்போது நாம் யாருக்கேனும் சொல்லியனுப்புமுன், அவருடைய வரியை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டே அனுப்புகிறோம். அந்தப் பெரியவர் மறுமாதச் சம்பளத்துக்குப் பின் மீண்டும் நமது கடைக்கு வந்தார். அல்ஹம்துலில்லாஹ்.