மொரீஷியஸ் வேறு, ரீயூனியன் வேறு

மடகாஸ்கருக்குக் கிழக்கே மஸ்கரீன் தீவுகள் இருக்கின்றன. மொரீஷியஸ், ரீயூனியன், ராட்ரிக்ஸ் மூன்றும் அவற்றில் முக்கியமானவை. இவற்றில் எது நாடு, எது தீவு, எது யாருக்குச் சொந்தம் என்பதில் குழப்பம் ஏராளம்.

நம்பிக்கை: மொரீஷியஸும் மொரிட்டானியாவும் ஒன்றுதான்.

உண்மை: மொரிட்டானியா, மேற்கு ஆப்பிரிக்காவில் அட்லாண்டிக் கரையை ஒட்டிய சகாரா பாலைவன நாடு. மொரீஷியஸ் இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. 1598இல் அங்கு இறங்கிய டச்சுக்காரர்கள் தங்கள் இளவரசர் மௌரிட்ஸின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். இரண்டுக்கும் பெயரின் ஒலியைத் தவிர வேறு உறவு இல்லை.

நம்பிக்கை: ரீயூனியன் ஒரு குட்டி நாடு, இல்லாவிட்டால் பிரான்சின் காலனி.

உண்மை: இரண்டுமே இல்லை. 1946 முதல் அது பிரான்சின் ஒரு மாவட்டம். அங்குள்ளவர்கள் பிரெஞ்சு அதிபர் தேர்தலில் வாக்களிக்கிறார்கள், செலவழிப்பது யூரோ. ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்த மண்தான், ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் வராது. சுமார் 175 கி.மீ. தள்ளியிருக்கும் மொரீஷியஸோ 1968 மார்ச் 12 அன்று விடுதலை பெற்று, 1992இல் குடியரசான தனி நாடு. அதன் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்தும் உண்டு.

நம்பிக்கை: மொரீஷியஸ் என்றால் ஒரே தீவு.

உண்மை: தீவுக்கும் நாட்டுக்கும் ஒரே பெயர் என்பதால் வந்த மயக்கம் இது. கிழக்கே சுமார் 600 கி.மீ. தொலைவில் உள்ள ராட்ரிக்ஸ் அந்த நாட்டைச் சேர்ந்ததே. 2002 முதல் அதற்குத் தன்னாட்சி உண்டு. வடக்கே சுமார் 1,000 கி.மீ. தொலைவில் உள்ள அகலேகாவும் அந்த நாட்டைச் சேர்ந்ததே. சாகோஸ் தீவுக்கூட்டத்தை விடுதலைக்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1965இல், பிரிட்டன் தனியே பிரித்து வைத்துக்கொண்டது. அதன் நிர்வாகத்தைப் பிரிட்டன் விரைவில் முடித்துக்கொள்ள வேண்டும் என்று 2019இல் பன்னாட்டு நீதிமன்றம் கருத்துரைத்தது. சாகோஸின் இறையாண்மையை மொரீஷியஸுக்கு மாற்றவும், அங்குள்ள தியேகோ கார்சியா இராணுவத் தளத்தைப் பிரிட்டன் குத்தகையில் வைத்துக்கொள்ளவும் வகை செய்யும் ஒப்பந்தம் 2025 மே மாதம் கையெழுத்தானது. துரோமலின் என்ற சிறு தீவு பிரான்சின் கையில் இருக்கிறது. மொரீஷியஸ் அதற்கும் உரிமை கோருகிறது.

நம்பிக்கை: பழைய ஆவணங்களில் வரும் ‘இல் த பிரான்ஸ்’ பாரிஸ் வட்டாரத்தைக் குறிப்பது.

உண்மை: இன்றைக்கு அப்படித்தான். 18ஆம் நூற்றாண்டுக் கடல் வணிகக் காகிதங்களில் அது பெரும்பாலும் மொரீஷியஸ். ‘புர்போன்’ என்பது ரீயூனியன். 1746இல் சென்னையைப் பிடித்த லா பூர்தொனே இந்த இரு தீவுகளின் ஆளுநர்தான். பிரெஞ்சுப் புரட்சி 1793இல் அரச வம்சத்தின் பெயரான புர்போனை ரீயூனியன் ஆக்கியது. பிறகு அது ‘பொனபார்த்’ ஆகி, மீண்டும் புர்போன் ஆகி, 1848இல்தான் ரீயூனியன் என நிலைத்தது. 1810இல் இரண்டையும் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1814 உடன்படிக்கைப்படி புர்போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். மற்றதை வைத்துக்கொண்டு டச்சுப் பெயருக்கே திரும்பினார்கள்.

நம்பிக்கை: ரீயூனியனின் ‘மல்பார்’ மக்கள் கேரளத்து மலபாரிலிருந்து போனவர்கள்.

உண்மை: அவர்களில் பெரும்பாலோரின் முன்னோர் தமிழர்கள். 1848இல் அடிமை முறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்ட வேலைக்காகப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகவும் ஏராளமானோர் கப்பலேறினார்கள். அந்நாளைய ஐரோப்பியர் தமிழரையும் ‘மலபார்’ என்றே எழுதியதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

கடல் கடந்து போன முன்னோரைத் தேடுகிறவர்கள் பெயரோடு ஆண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1860களில் ரீயூனியன் போனவரைப் பற்றிய தாள்களைப் பிரெஞ்சு ஆவணங்களில் தேட வேண்டும். அதே காலத்தில் மொரீஷியஸ் போனவர் ஆங்கிலேயர் பதிவேட்டில் இருப்பார். அந்தப் பதிவேடுகள் மொரீஷியஸின் மோகா ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன.