தேன்சிட்டுக்கு விருந்து வைப்போமா?

அந்தரத்தில் நின்றபடியே தேன் அருந்தும் ஓசனிச்சிட்டைப் படங்களில் பார்த்திருக்கிறோம். ‘ஹம்மிங் பறவை’ எனப்படும் அது அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கிறது. நம் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைத் தோட்டங்களுக்கு வருவது தேன்சிட்டு. இது பெரும்பாலும் காம்பில் அமர்ந்தே தன் வளைந்த அலகைப் பூவினுள் நுழைக்கும். ஊதாத் தேன்சிட்டு, ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு, லோட்டன் தேன்சிட்டு ஆகியவற்றை இங்கே காணலாம்.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக் கொடிக்கம்பியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியது. நார், சருகு, சிலந்தி நூல் கொண்டு பின்னிய சிறிய தொங்கு பை அது. குஞ்சுகள் பொரித்ததும் எங்களுக்கு ஒரே குதூகலம். அக்காவும் தங்கையுமாக நாங்கள் வெல்லப் பாகில் சிவப்புச் சாயம் கலந்து, கூட்டின் அருகிலேயே தொங்கவிட்டோம்.

மறுநாள் பிற்பகல் பாகு நுரைத்துப் புளித்தது. எறும்புகள் சாரை சாரையாகக் கம்பியில் ஏறிக் கூட்டை நெருங்கிவிட்டன! பாட்டி ஓடிவந்து கிண்ணத்தை அகற்றி, எறும்புகளைத் துடைத்து, கம்பியின் இரு முனைகளிலும் வேப்பெண்ணெய்த் துணியைச் சுற்றினார். சிறிது நேரத்தில் தாய்ப்பறவை வந்தது. அதன் அலகில் இருந்தது தேனல்ல, ஒரு சிலந்தி! வளரும் குஞ்சுகளுக்குப் புரதம் வேண்டும் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

பள்ளி திறந்ததும் அறிவியல் சிஸ்டரிடம் கேட்டுச் சரியான முறையை அறிந்தோம்.

செய்முறை: கால் தம்ளர் வெள்ளைச் சர்க்கரையை ஒரு தம்ளர் நீரில் (1 பங்குக்கு 4 பங்கு) கரைத்துக் கொதிக்கவைத்து, நன்கு ஆறவிடவும்.

கவனிக்க வேண்டியவை:

1. வெல்லம், தேன், சாயம் எதுவும் கூடாது. தேன் கலந்த நீரில் பூஞ்சை எளிதில் வளரும்.

2. நம் ஊர் வெயிலில் நாள்தோறும் நீரை மாற்றி, கிண்ணத்தை வெந்நீரில் கழுவவேண்டும்.

3. நிழலில், கூட்டிலிருந்து தள்ளித் தொங்கவிடவேண்டும்.

இதனினும் சிறந்த விருந்து உண்டு. ஒரு செம்பருத்தி, ஓர் இட்லிப்பூச் செடி, இடமிருந்தால் ஒரு வாழை நடுவோம். பூச்சிமருந்து தெளிக்காதிருப்போம். தேனும் கிடைக்கும், குஞ்சுகளுக்குப் பூச்சியும் கிடைக்கும்.

எங்கள் வீட்டுக் குஞ்சுகள் இரண்டும் நலமாகப் பறந்துவிட்டன. அன்பு மட்டும் போதாது, அறிந்து செய்யும் அன்பே உதவி என்பதை அவை எங்களுக்குக் கற்பித்துச் சென்றன.