பால்சா இறக்கை: பலம் எங்கே இருக்கிறது?

காலடிப்பேட்டையிலிருந்து கிழக்கே நடந்தால் கடல். அக்கடலில் நம் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செலுத்திய கட்டுமரம், இலேசான மரங்களைக் கயிற்றால் கட்டிச் செய்தது. தென் அமெரிக்காவின் பசிபிக் கரையிலும் இத்தகைய தெப்பங்கள் இருந்தன. ஸ்பானிய மொழியில் தெப்பத்திற்கு ‘பால்சா’ என்று பெயர். தெப்பம் கட்ட உதவிய மரத்திற்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது. 1947இல் தார் ஹெயர்டாலும் அவருடைய தோழர்களும் ‘கான்-டிக்கி’ என்ற பால்சாத் தெப்பத்தில் பெருவிலிருந்து புறப்பட்டு, 101 நாட்களில் பாலினீசியத் தீவொன்றை அடைந்தார்கள்.

நீரில் மிதந்த இந்த மரமே மாதிரி விமானத்திற்கும் ஏற்றது. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு மாணவர்கள் மாதிரி விமானம் செய்யப் பயிலும்போது கையாளுவதும் பெரும்பாலும் இதைத்தான். தேக்கின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்குச் சுமார் 0.65 கிராம்; பால்சாவுக்குச் சுமார் 0.16 கிராம்தான். இவ்வளவு இலேசான மரத்தில் பலமான இறக்கையை எப்படிச் செய்வது?

கட்டையா, கூடா?

நம் மாதிரியின் இறக்கை 60 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், தடித்த இடத்தில் 1.2 செ.மீ. கனம் உடையது என்போம். முழுக்கட்டையைச் செதுக்கிச் செய்தால் அதன் பருமன் சுமார் 490 கன செ.மீ.; நிறை 78 கிராம். பெட்டியில் வரும் துண்டுகளை ஒட்டிக் கூடாகச் செய்தாலோ மரம் சுமார் 60 கன செ.மீ. போதும், நிறை 10 கிராம்தான்.

கூடான இறக்கையுடன் விமானத்தின் மொத்த நிறை 60 கிராம் எனில், கட்டை இறக்கையுடன் அது 120 கிராமைத் தாண்டிவிடும். இதனால் என்ன கெடுதல்?

இறக்கையின் ஏற்றுவிசை வேகத்தின் வர்க்கத்திற்கு நேர் விகிதத்தில் இருக்கும். 60 கிராம் மாதிரி வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் மிதக்குமானால், 120 கிராம் மாதிரி மிதக்க √2 மடங்கு, அதாவது 7 மீட்டர் வேகம் வேண்டும். தரையில் மோதும்போது வெளிப்படும் இயக்க ஆற்றல் ½mv² அல்லவா? முதல் மாதிரிக்கு அது 0.75 ஜூல், இரண்டாவதற்கு 3 ஜூல். நிறை இரு மடங்கானால் அடி நான்கு மடங்காகிறது! பலத்திற்காகச் சேர்த்த மரமே விமானத்தை உடைக்கிறது.

நிமிர்ந்து நிற்கும் சட்டம்

ஓர் அளவுகோலைத் தட்டையாகப் பிடித்து வளைத்துப் பாருங்கள், எளிதில் வளையும். விளிம்பின் மேல் நிறுத்தி வளையுங்கள், அசையாது. வளைவை எதிர்க்கும் விறைப்பு அகலத்திற்கு நேர் விகிதத்திலும், உயரத்தின் கனத்திற்கு (h³) நேர் விகிதத்திலும் இருப்பதே காரணம். இறக்கையின் நெடுஞ்சட்டம் 3 மி.மீ.க்கு 9 மி.மீ. அளவுடையது. படுக்க வைத்ததைவிட நிமிர்த்தி வைத்தால் அதன் விறைப்பு 9 மடங்கு! ஒரு கிராம் மரமும் கூடவில்லை. மரம் நிற்கும் விதம்தான் மாறியது.

மரத்தின் இழை ஓடும் திசையிலும் கவனம் தேவை. நெடுஞ்சட்டத்தில் இழை நீளவாக்கிலும், விலாக்களில் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பை நோக்கியும் ஓட வேண்டும். இழை குறுக்கே அமைந்த துண்டு விரல் பட்டாலே முறியும்.

செய்முறை

1. சமமான பலகையின் மேல் வரைபடத்தை விரித்து, பசை ஒட்டாதிருக்க அதன் மேல் மெல்லிய பாலிதீன் தாளைப் பரப்புங்கள்.

2. நெடுஞ்சட்டத்தை நிமிர்த்தி வைத்து, இருபுறமும் குண்டூசிகளைக் குத்தி நிறுத்துங்கள். பின்விளிம்புச் சட்டத்தையும் அவ்வாறே பொருத்துங்கள்.

3. அடியில் பள்ளம் வெட்டிய 11 விலாக்களையும் 6 செ.மீ. இடைவெளியில் சட்டத்தின் மேல் செங்குத்தாக அமர்த்துங்கள். ஒரு சொட்டுப் பசை போதும். வழியும் பசை வீண் எடை.

4. விலாக்களின் மூக்கில் முன்விளிம்புச் சட்டத்தை ஒட்டி, ஓர் இரவு காயவிடுங்கள். பிறகு உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து விளிம்பை உருட்டுங்கள்.

5. மெல்லிய காகிதத்தைப் போர்த்தி, அதை இறுக்கும் ‘டோப்’ பூச்சைத் தடவுங்கள். இது எளிதில் தீப்பற்றும். சாளரத்தைத் திறந்து வைத்து, நெருப்புக்கு எட்ட இருந்து, பெரியவர் ஒருவர் துணையுடன் பூசுங்கள்.

காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராயிருந்த ஜோசப் காலெட்டின் பெயரால் நெசவாளருக்காக எழுந்த ஊர். தொடக்ககால விமானங்களுக்கும் நெசவே தோல் கொடுத்தது. 1910இல் ஜியாகோமோ தாஞ்செலிஸ் சென்னையில் விமானம் பறக்கவிட்ட நாட்களில், மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்துவதே இறக்கை செய்யும் வழக்கம். இழுத்துக் கட்டிய அத்தோல் காற்றைத் தாங்குவதோடு, இறக்கை முறுக்கிக்கொள்ளாமலும் காக்கிறது.

முறுக்கு என்னும் பகை

கடலோரக் காற்றின் ஈரத்தை மரமும் காகிதமும் உறிஞ்சும். பூச்சு காயும்போது காகிதம் சுருங்கி இழுக்கும். ஆகவே, முற்றிலும் காயும்வரை இறக்கையைப் பலகையோடு பிணைத்தே வையுங்கள். பின்னர் அதன் பின்புறமிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். இடது முனையில் பின்விளிம்பு தாழ்ந்திருந்தால் அங்கே தாக்குகோணம் கூடும், ஏற்றுவிசையும் கூடும், விமானம் வலப்புறம் சாய்ந்து விழும். சில மில்லிமீட்டர் முறுக்கே இதற்குப் போதும்.

இரண்டாம் உலகப் போரில் பறந்த ‘மஸ்கிட்டோ’ விமானத்தின் உடற்சுவர், ஒட்டுப்பலகை அடுக்குகளுக்கு நடுவே பால்சா வைத்துச் செய்யப்பட்டது. இன்று காற்றாலை இறக்கைகள் பலவற்றின் உள்ளேயும் பால்சா இருக்கிறது. உறுதியானது வெளியே, இலேசானது நடுவே என்பதே அங்கும் விதி.

நீங்களே கணக்கிடுங்கள்

நெடுஞ்சட்டத்தின் உயரத்தை 9 மி.மீ.லிருந்து 6 மி.மீ.ஆகக் குறைத்தால் மூன்றில் ஒரு பங்கு மரம் மிச்சமாகும். விறைப்பு எத்தனை பங்காகக் குறையும்? விடை கண்டபின், அந்த மிச்சம் இலாபமா என்று முடிவு செய்யுங்கள்.