காப்பியில் எலுமிச்சை: புளிப்பு எங்கே, மணம் எங்கே?



சித்திரை, வைகாசி மாதங்களில் தருமபுரிப் பகுதியின் வெயிலை நேரில் கண்டவர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பகல் பதினொரு மணிக்கே தெரு வெறிச்சோடிப் போகும். மோரும், இளநீரும், நுங்கும் அப்போது நமக்குத் துணை. ஆயினும், காப்பிக்குப் பழகிய நாக்கு மாலை நான்கு மணியானால் காப்பியைத்தான் கேட்கிறது. எங்கள் மாவட்டத்து வத்தல்மலையிலேயே காப்பி விளைகிறது. அது கிடைப்பதற்குக் குறைவில்லை. ஆனால் அந்த வெயிலில் சூடான தம்ளரைக் கையில் எடுக்க மனம் வருவதில்லை. அப்படியானால் குளிர்ந்த காப்பி செய்தால் என்ன? அதில் எலுமிச்சையின் மணமும் பாலேட்டின் வழவழப்பும் சேர்ந்தால் என்ன?

சென்ற கோடை விடுமுறையில் எனக்கு இந்த எண்ணம் தோன்றியது. சேலத்திலிருந்து என் அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள். காப்பி வடிநீரில் பாலும் பாலேடும் சர்க்கரையும் கலந்து, பனிக்கட்டி போட்டு, கடைசியாக அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டேன். இரண்டு நிமிடங்களில் கண்ணாடித் தம்ளர்களில் வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் மிதந்தன. அண்ணி மரியாதைக்காக ஒரு வாய் அருந்திவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் மட்டும் உண்மையைச் சொன்னாள்: “அப்பா, அம்மா பன்னீர் செய்யும்போதும் இதைத்தானே செய்யறாங்க?”

இருபது ஆண்டுகளாக இயற்பியல் கற்பிக்கும் எனக்கு, அடுப்பங்கரையில் நாள்தோறும் நடக்கும் வேதியியல் நினைவுக்கு வரவில்லை. அன்று செய்த தவற்றையும், அதைத் திருத்திய வழியையும் இங்கே உங்களுக்குச் சொல்கிறேன்.

பால் ஏன் திரிந்தது?

பாலில் கேசின் என்ற புரதம் இருக்கிறது. பசும்பாலில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இதுவே. இது நீரில் கரைந்து கிடப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உருண்டைகளாகத் திரண்டு மிதக்கிறது. ஒவ்வோர் உருண்டையின் மேற்பரப்பிலும் எதிர் மின்னூட்டம் உள்ளது. ஓரின மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். அந்த விலக்கத்தினால்தான் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பால் முழுவதும் பரவி நிற்கின்றன.

புதிய பாலின் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 6.6. எலுமிச்சைச் சாற்றின் பி.எச். மதிப்போ 2-க்குச் சற்று மேலே. சாற்றைப் பாலில் விட்டதும் அதிலுள்ள ஐதரசன் அயனிகள் கேசினின் எதிர் மின்னூட்டத்தைப் படிப்படியாகக் குறைக்கின்றன. பி.எச். 4.6 அளவுக்கு இறங்கும்போது கேசினின் மொத்த மின்னூட்டம் சுழியாகிவிடுகிறது. விலக்கும் விசை போய்விட்டது. உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. இதையே பால் திரிந்தது என்கிறோம். பால் சூடாக இருந்தால், பி.எச். அந்த அளவுக்கு இறங்கும் முன்பே திரிந்துவிடும். பன்னீர் செய்யப் பாலைக் கொதிக்கவைத்த பிறகே எலுமிச்சை பிழிகிறார்கள் அல்லவா? காரணம் இதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். காப்பி வடிநீரும் சற்று அமிலத்தன்மை உடையதே, அதன் பி.எச். ஏறத்தாழ 5. புதிய பால் இதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால், காலையில் வாங்கி வெளியிலேயே வைத்திருந்த பால், நுண்ணுயிர்களின் செயலால் ஏற்கெனவே சற்றுப் புளித்திருக்கும். அப்படிப்பட்ட பாலில் சூடான வடிநீரை ஊற்றினால் எலுமிச்சை இல்லாமலேயே திரிந்துபோவதுண்டு.

அப்படியானால் உலகில் யாரும் காப்பியில் எலுமிச்சை சேர்ப்பதில்லையா? சேர்க்கிறார்கள். வட ஆப்பிரிக்காவின் அல்சீரியாவில் மசக்ரான் என்றோர் ஊர் உள்ளது. அதன் பெயரையே தாங்கிய குளிர்ந்த காப்பி ஐரோப்பாவிலும் பரவியது. போர்ச்சுகல் நாட்டில் அதில் எலுமிச்சைச் சாறு சேர்ப்பது வழக்கம். ஆனால் அதில் பால் கிடையாது! சாறு வேண்டுமென்றால் பாலை விட வேண்டும். பால் வேண்டுமென்றால் சாற்றை விட வேண்டும். இரண்டையும் விட மனமில்லாதவர் என்ன செய்வது?

மணம் தோலில் இருக்கிறது

எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். தோலில் சின்னஞ்சிறு புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ப் பைகள். நகத்தால் கீறினால் குப்பென்று எழும் மணம் அந்த எண்ணெயுடையதே. புளிப்புக்குக் காரணமான சிட்ரிக் அமிலம் உள்ளே சாற்றில் இருக்கிறது. மணத்தின் பெரும்பகுதி வெளியே தோலில் இருக்கிறது. ஒரே பழத்தில் இரண்டும் தனித்தனி அறைகளில் குடியிருக்கின்றன. நான் செய்த பிழை, மணத்தைத் தேடி அமிலத்தின் அறைக்குள் போனதுதான்.

இந்த எண்ணெயில் முதன்மையான பொருள் லிமோனீன். கரிமமும் ஐதரசனும் மட்டுமே கொண்ட சேர்மம் இது. ஒரு மூலக்கூறில் 10 கரிம அணுக்களும் 16 ஐதரசன் அணுக்களும் உள்ளன. இது அமிலம் அன்று. ஆகவே கேசினை ஒன்றும் செய்யாது. நீரில் மிகச் சிறிதளவே கரையும். ஆனால் கொழுப்பில் நன்றாகக் கரையும். பாலேடு என்பது என்ன? பாலின் கொழுப்பு செறிந்து நிற்கும் பகுதிதானே! ஆகவே எலுமிச்சைத் தோலின் எண்ணெயைக் காப்பியில் விடுவதைவிடப் பாலேட்டில் விடுவதே முறை. கொழுப்பு அந்த மணத்தைத் தன்னிடம் பிடித்துவைத்துக்கொண்டு, நாம் அருந்தும்போது மெல்ல மெல்ல விடுகிறது. சாறு பாலேட்டுக்குப் பகை. தோலின் எண்ணெயோ அதற்கு நட்பு.

பனிக்கட்டிக் கணக்கு

அன்று நான் செய்த இரண்டாவது பிழை, சூடான காப்பியில் பனிக்கட்டியைக் கொட்டியது. காப்பி நீர்த்துப்போயிற்று. எவ்வளவு நீர்த்தது என்று கணக்கிடுவோம்.

0° செ. வெப்பநிலையிலுள்ள ஒரு கிராம் பனிக்கட்டி, அதே வெப்பநிலையில் நீராக மாற 80 கலோரி வெப்பத்தை ஏற்கிறது. இதுவே உருகுதலின் உள்ளுறை வெப்பம். அந்த நீர் 5° செ. வரை சூடேற மேலும் 5 கலோரி. ஆக, ஒரு கிராம் பனிக்கட்டி ஏற்கும் வெப்பம் 85 கலோரி.

நம்மிடம் 60° செ. வெப்பநிலையில் 100 கிராம் காப்பி இருக்கிறது. அதை 5° செ. வரை குளிர்விக்க 100 × 55 = 5,500 கலோரியை நீக்க வேண்டும். 5,500-ஐ 85-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 65 கிராம் பனிக்கட்டி வேண்டும். அவ்வளவும் நீராகிக் காப்பியோடு கலந்துவிடும். 100 கிராம் காப்பி 165 கிராம் ஆகிவிட்டது! அதன் செறிவு பத்தில் ஆறு பங்காகக் குறைந்துவிட்டது.

அதே காப்பியை முதலில் 30° செ. வரை ஆறவிட்டால்? நீக்க வேண்டியது 100 × 25 = 2,500 கலோரி. தேவையான பனிக்கட்டி 30 கிராமுக்கும் சற்றுக் குறைவு. நீர்ப்பு பாதிக்கும் கீழே வந்துவிட்டது. பாத்திரம் கொண்டுள்ள வெப்பத்தையும் சுற்றுக் காற்றின் வெப்பத்தையும் நாம் கணக்கில் சேர்க்கவில்லை. ஆகவே சற்றுக் கூடுதலாகவே பனிக்கட்டி வேண்டியிருக்கும்.

ஆறவைக்க மின்சாரம் வேண்டியதில்லை. மண்பானைத் தண்ணீர் நிறைந்த அகன்ற பாத்திரத்தில் காப்பிப் பாத்திரத்தை வைத்தாலே போதும். பாத்திரத்தைச் சுற்றி ஈரத் துணி கட்டிக் காற்றோட்டத்தில் வைத்தாலும் ஆறும். ஒரு கிராம் நீர் நம் அறை வெப்பநிலையில் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி தேவை. நம் பகுதியின் கோடைக் காற்று வறண்டது. துணியிலுள்ள நீர் விரைந்து ஆவியாகிப் பாத்திரத்தின் வெப்பத்தைக் கொண்டுபோகும்.

பனிக்கட்டியின் உள்ளுறை வெப்பம் எவ்வளவு பெரியது என்பதற்கு வரலாற்றிலும் ஒரு சான்று உண்டு. 1833-ஆம் ஆண்டு பிரெடரிக் டியூடர் என்ற அமெரிக்க வணிகர், பாஸ்டன் நகரிலிருந்து கப்பலில் பனிக்கட்டியைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். ஏறத்தாழ நான்கு மாதப் பயணத்துக்குப் பிறகும் பாதிக்கு மேல் உருகாமல் வந்து சேர்ந்தது! மரத்தூள் போன்ற, வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள்கள் வெளி வெப்பத்தைத் தடுத்தன. நுழைந்த சிறிதளவு வெப்பத்தையும் பனிக்கட்டியின் உள்ளுறை வெப்பம் சமாளித்தது. சென்னையில் அப்படி வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் ஒரு கட்டடம் எழுந்தது. கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லம் என்ற பெயரில் அதை நீங்கள் இன்றும் காணலாம்.

தண்ணீரைக் கவனியுங்கள்

குளிர்ந்த காப்பியின் பெரும்பகுதி தண்ணீர்தான். பனிக்கட்டியோ முழுவதும் தண்ணீர். ஆகவே அது எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். உறைவதால் நோய்க் கிருமிகள் எல்லாம் இறந்துவிடுவதில்லை. மீன் பதப்படுத்தச் செய்யும் கட்டிகளைக் காப்பியில் போடவே கூடாது. காய்ச்சி ஆறவைத்த குடிநீரை வீட்டிலேயே உறையவைப்பது நல்லது.

தருமபுரி மாவட்டத்தில் இன்னொன்றும் உண்டு. பல ஊர்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்திருக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரை நெடுநாள் அருந்தினால் பற்களில் கறை படியும். அளவு மிகமிக எலும்புகளும் கெடும். இதைத் தடுக்கவே காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு, 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது.

“காய்ச்சினால் சரியாகிவிடாதா?” என்று நீங்கள் கேட்கலாம். ஆகாது. கிருமி இறக்கும், புளோரைடு ஆவியாகாது. லிட்டருக்கு 1.2 மில்லிகிராம் உள்ள நீரைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சினால் அது லிட்டருக்கு 2.4 மில்லிகிராம் ஆகிவிடும். ஆகவே ஆழ்துளைக் கிணற்று நீர் இருக்கட்டும்; காப்பிக்கும் பனிக்கட்டிக்கும் குழாயில் வரும் காவிரி நீரையே எடுங்கள்.

செய்முறை

ஒருவருக்கு வேண்டியவை: காப்பித்தூள் 15 கிராம், தண்ணீர் 130 மி.லி., சர்க்கரை 4 தேக்கரண்டி, பாலேடு 2 மேசைக்கரண்டி, எலுமிச்சம்பழம் ஒன்று, பனிக்கட்டி 5 அல்லது 6 துண்டுகள்.

1. கொதிநீரை வடிகட்டியிலுள்ள தூளின்மீது ஊற்றுங்கள். தூள் தன் எடையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு நீரைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும். ஆகவே 100 மி.லி. வடிநீர் கிடைக்கும். வடிநீரைச் செறிவாகச் செய்வது, உருகும் பனிக்கட்டிக்கு முன்கூட்டியே இடம் விடுவதாகும்.

2. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைச் சூட்டோடு கரையுங்கள். குளிர்ந்த நீரில் அது மெல்லத்தான் கரையும். மேலும், குளிர்ந்த பானத்தில் நாக்குக்கு இனிப்பு குறைவாகவே தெரியும்.

3. வடிநீரை மேலே சொன்னபடி ஆறவையுங்கள்.

4. பழத்தை வெதுவெதுப்பான நீரில் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். அதன் தோலைத் துருவியில் மெல்ல உரசுங்கள். மேல் தோல் மட்டும் போதும். வெள்ளைப் பகுதி கசக்கும். துருவலை மீதிச் சர்க்கரையோடு விரலால் கசக்குங்கள். சர்க்கரைப் படிகங்களின் கூர்முனைகள் எண்ணெய்ப் பைகளைக் கிழிக்கும். இதைப் பாலேட்டில் கலந்து, குளிர்பதனப் பெட்டியில் கால் மணி நேரம் வையுங்கள்.

5. குளிர்ந்த பாலேட்டைக் கரண்டியால் சிறிது நேரம் அடித்தால் காற்று புகுந்து தடிக்கும். குளிர்ச்சி இல்லாவிட்டால் கொழுப்பு இளகி, காற்றைப் பிடித்துவைக்காது. அளவு மீறி அடித்தால் வெண்ணெய் திரண்டுவிடும்.

6. தம்ளரில் பனிக்கட்டியும் காப்பியும் விட்டுக் கலக்கி, கரண்டியின் முதுகின்மேல் பாலேட்டை மெல்ல வழியவிடுங்கள். சர்க்கரை கரைந்த காப்பி அடர்த்தி மிக்கது. கொழுப்பும் காற்றும் நிறைந்த பாலேடு அடர்த்தி குறைந்தது. ஆகவே அது மேலே தனி அடுக்காக மிதக்கும்.

பிழிந்த சாறு இல்லாமலேயே எலுமிச்சை மணக்கும், பால் திரியாது. மீதமுள்ள பழத்தை வீணாக்காமல் மறுநாள் சாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். காப்பியில் காபீன் இருப்பதால் நாளுக்கு ஒரு தம்ளருக்கு மேல் வேண்டாம். படுக்கப்போகும் நேரத்திலும் வேண்டாம்.

ஆடி மாதத்தில் அண்ணி மறுபடியும் வந்தபோது இம்முறையில் என் மகளே செய்து கொடுத்தாள். இம்முறை தம்ளர் காலியாகவே திரும்பி வந்தது.

நீங்களே செய்து பாருங்கள்

1. இரண்டு கிண்ணங்களில் 50 மி.லி. பால் எடுங்கள். ஒன்று குளிர்ந்ததாகவும் மற்றொன்று சூடானதாகவும் இருக்கட்டும். எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். எத்தனையாவது சொட்டில் ஒவ்வொன்றும் திரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பால் சுடவைக்கப் பெரியவர்களைத் துணைக்கு அழையுங்கள்.

2. ஊதிக் கட்டிய ரப்பர் பலூன் ஒன்றின் அருகே எலுமிச்சை அல்லது கமலா ஆரஞ்சுத் தோலை மடித்துப் பிதுக்குங்கள். எண்ணெய் தெறித்த பலூன் பெரும்பாலும் வெடித்துவிடும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். நீர் தெறித்தால் வெடிக்காத பலூன், தோலின் எண்ணெய்க்கு வெடிப்பது ஏன்? லிமோனீன் எதில் கரையும் என்று மேலே படித்ததை நினைத்துப் பாருங்கள்.

3. 100 கிராம் காப்பியை 40° செ. வரை மட்டுமே ஆறவைத்தீர்கள். அதை 5° செ. வரை குளிர்விக்க எவ்வளவு பனிக்கட்டி வேண்டும்? (விடை: ஏறத்தாழ 41 கிராம்.) தண்ணீருக்குப் பதிலாகக் காப்பி வடிநீரையே கட்டிகளாக உறையவைத்துப் போட்டால் என்ன நன்மை? சிந்தித்து எழுதுங்கள்.