கதவு மூடும்வரை கைதட்டாதீங்க

ஹோல்ஸ்டின் 'தி பிளானட்ஸ்' எல்லோர் போனிலும் கிடைக்கும். ஏழு பகுதிகள், சுமார் 50 நிமிடம். ஆனால் அதன் கடைசி ஒரு நிமிடத்தை நேரில் போனால்தான் முழுசாகக் கேட்க முடியும். ஏன் என்று பார்ப்போம்.

குஸ்தாவ் ஹோல்ஸ்ட் லண்டனில் ஒரு பெண்கள் பள்ளியின் இசை ஆசிரியர். 1914இல் எழுதத் தொடங்கினார். இந்த வகை இசைக்கு 'சூட்' என்று பெயர் (உச்சரிப்பு என்னவோ 'ஸ்வீட்' தான்!): தனித்தனித் துண்டுகளைக் கோத்த ஒரு தொடர். ஒரு துண்டுக்கு ஒரு கிரகம். பூமி மட்டும் இல்லை, ஏன்னா அவர் மனதில் இருந்தது வானியல் இல்லை, ஜோதிடம். புளூட்டோவும் இல்லை, அது கண்டுபிடிக்கப்பட்டதே 1930இல்தான்.

முதலில் செவ்வாய், அதாவது போர். ஐந்து அடி தாளம். நம்ம சொல்லில் 'தகிட - தா - தா - தக - தா' என்று சொல்லிப் பாருங்க, சரியாக உட்காரும். அரங்கில் இருந்தால் இன்னொன்றும் தெரியும்: வயலின்காரர்கள் வில்லைத் திருப்பி, முடி இல்லாத மரப்பக்கத்தால் தந்தியைத் தட்டுவார்கள். ரெக்கார்டிங்கில் வெறும் 'கட கட' என்று கேட்கும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அப்போதுதான் பிடிபடும்.

நடுவில் வரும் வியாழன்தான் ரொம்பப் பிரபலம். அது முடிந்ததும் கை பரபரக்கும். அடக்கிக்கோங்க, பகுதிகளுக்கு நடுவே தட்டுவது வழக்கமில்லை. யுரேனஸ் முடியப் போகும் நேரத்தில் ஆர்கன் ஒரே வீச்சில் மேலே ஏறும். உச்சத்தில் சட்டென்று எல்லாம் அடங்கும். பெரிய ஆர்கன்களில் 32 அடிக் குழாய்கூட உண்டு. அதன் சுரம் சுமார் 16 ஹெர்ட்ஸ், காதைவிட நாற்காலியில்தான் அதிகம் தெரியும்.

கடைசியில் நெப்டியூன். ஆரம்பம் முதல் முடிவு வரை மெதுவாகவே வாசிப்பார்கள். பாதிக்கு மேல் எங்கிருந்தோ பெண்குரல்கள் வரும், வார்த்தையே கிடையாது. மேடையில் தேடாதீங்க. பாடகியர் பக்கத்து அறையில், கதவைத் திறந்து வைத்துப் பாடுகிறார்கள். கடைசி வரி வந்ததும் கதவைச் சத்தமில்லாமல் மெல்ல மூட வேண்டும், ஒலி தொலைவில் மறையும்வரை அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பாட வேண்டும் என்பது ஹோல்ஸ்ட் இசைக்குறிப்பிலேயே எழுதி வைத்த கட்டளை. 1918 செப்டம்பர் 29 அன்று லண்டன் குயின்ஸ் ஹாலில், ஏட்ரியன் போல்ட் நடத்திய முதல் நிகழ்ச்சியில் அப்படிப் பாடியவர்களில் ஹோல்ஸ்டின் மாணவிகளும் இருந்தார்கள்.

வால்யூமைக் குறைத்தாலும் இதே எஃபெக்ட் வராதா? வராது. வால்யூம் குமிழ் எல்லா அதிர்வெண்ணையும் ஒரே விகிதத்தில் குறைக்கும். கதவு அப்படியில்லை, உயர் அதிர்வெண்களைத்தான் அதிகம் தடுக்கும். அதனால் குரல் சின்னதாகிற மாதிரி இருக்காது, தூரமாகப் போகிற மாதிரி இருக்கும். போனில் டிராக் முடிகிற வினாடி திரையிலேயே தெரிந்துவிடும். அரங்கில் எது கடைசிச் சுரம் என்று பக்கத்து சீட்காரரும் நீங்களும் ஒத்துப்போக மாட்டீங்க.

அந்த நேரத்தில் யாராவது ஒருத்தர் தட்டினால் போதும், எல்லாம் போச்சு. குரல் நின்றுவிட்டது என்று தோன்றினாலும் கண்டக்டரின் கையையே பாருங்க. அவர் கை இன்னும் மேலேதான் இருக்கும்.