சாய்ந்த தலை சொல்லும் செய்தி

என் செய்முறை வகுப்பில் ஒரு மாணவர் இருந்தார். குறிப்பேட்டில் எழுதும்போது அவருடைய தலை எப்போதும் இடது தோள் பக்கம் சாய்ந்தே இருக்கும். "நேராக உட்காரப்பா" என்று பலமுறை கடிந்துகொண்டேன். ஆனால் நிறமாலைமானியின் தொலைநோக்கியில், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கும்போது மட்டும் அவர் தலை நிமிர்ந்திருக்கும். இந்த வேறுபாட்டைக் கண்டும் நான் காரணத்தைத் தேடவில்லை. கண்ணை அசைக்கும் ஒரு சிறு தசையின் தளர்ச்சியே காரணம் என்பது பின்னர் தெரியவந்தது. கண்ணின் தளர்ச்சிக்குத் தலை ஏன் சாய வேண்டும்? காண்போம்.

கண்ணுக்குள் ஒரு கப்பி

ஒவ்வொரு விழியையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. நான்கு நேர்தசைகள்; இரண்டு சாய்தசைகள். இவற்றுள் மேல் சாய்தசையின் அமைப்பு விந்தையானது. அது கண்குழியின் ஆழத்தில் தொடங்கி, மூக்கை ஒட்டிய மேல்மூலை வரை முன்னோக்கி வருகிறது. அங்கே குருத்தெலும்பாலான சிறு வளைவு ஒன்று உள்ளது. தசையின் நாண் அதன் வழியே நுழைந்து, திசை திரும்பிப் பின்னோக்கிச் சென்று, விழியின் மேற்புறத்தில் இணைகிறது.

கிணற்றுக் கப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றைக் கீழே இழுக்கிறோம். வாளி மேலே வருகிறது. கப்பி விசையின் திசையை மாற்றுகிறது. அதுபோலவே, இத்தசை பின்னோக்கிச் சுருங்கினாலும், நாண் விழியை முன்னோக்கியும் மூக்கை நோக்கியும் இழுக்கிறது. இதனால் முக்கியமாக இரண்டு விளைவுகள் உண்டாகின்றன. விழியின் உச்சி மூக்குப் பக்கம் சுழல்கிறது; பார்வை கீழே இறங்குகிறது.

மூளையிலிருந்து வரும் 12 இணை நரம்புகளில் நான்காவது நரம்பு இந்த ஒரு தசைக்காகவே உள்ளது. மிக மெல்லிய அந்த நரம்பு, மூளைத்தண்டின் பின்புறத்தில் தொடங்கி நீண்ட தொலைவு சுற்றி வருகிறது. ஆகவே தலையில் பலத்த அடிபட்டால் அது பாதிக்கப்படக்கூடும். சிலருக்குப் பிறவியிலேயே இத்தசை தளர்ந்திருக்கும்.

செய்து பாருங்கள்

நண்பர் ஒருவரைத் தொலைவிலுள்ள ஒரு புள்ளியை நேராகப் பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய வெள்ளைவிழியில் தெரியும் மெல்லிய இரத்தக்குழாய் ஒன்றை அடையாளமாகக் கொள்ளுங்கள். அவர் தலையை மெல்ல வலது தோளை நோக்கிச் சாய்க்கட்டும். இமைகளோடு ஒப்பிட்டால், அந்த இரத்தக்குழாய் எதிர்ப்புறம் சிறிது சுழன்றிருப்பதைக் காணலாம். தலை 30 பாகை சாய்ந்தால் விழி சில பாகைகளே சுழலும். ஆகவே கூர்ந்து கவனிக்க வேண்டும். உட்செவியில் புவியீர்ப்பை உணரும் உறுப்புகள் தலையின் சாய்வை மூளைக்கு அறிவிப்பதால் இது நிகழ்கிறது.

தலை வலப்புறம் சாயும்போது வலது விழியின் உச்சி மூக்கை நோக்கிச் சுழல வேண்டும். இந்த வேலையை மேல் சாய்தசையும் மேல் நேர்தசையும் சேர்ந்து செய்கின்றன. முன்னது பார்வையைக் கீழே இறக்கும். பின்னது மேலே உயர்த்தும். விசைகளைக் கூறுகளாகப் பிரித்துப் படித்திருக்கிறீர்கள் அல்லவா? இங்கே சுழற்றும் கூறுகள் ஒன்றோடொன்று கூடுகின்றன. எதிரெதிரான மேல்-கீழ் கூறுகள் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. எனவே விழி சுழல்கிறதே தவிர, ஏறுவதோ இறங்குவதோ இல்லை.

வலது கண்ணின் மேல் சாய்தசை தளர்ந்துவிட்டால் என்ன ஆகும்? மேல் நேர்தசையைத் தடுக்க ஆளில்லை. விழி மேலே ஏறிவிடும். இரு கண்களும் வெவ்வேறு உயரத்தில் நோக்குவதால் ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். தலையை இடப்புறம் சாய்த்தாலோ, வலது விழியைச் சுழற்றும் பொறுப்பு கீழ்த்தசைகளைச் சேர்கிறது. தளர்ந்த தசைக்கு ஓய்வு, காட்சியும் ஒன்றாகிறது. என் மாணவர் தம்மை அறியாமலே கண்டுகொண்ட வழி இதுதான்.

மருத்துவரின் சோதனை

இந்த விளைவைக் கொண்டு தளர்ந்த தசையை இனங்காணும் முறையை ஜெர்மன் கண் மருத்துவர் ஆல்ஃபிரட் பீல்ஷோவ்ஸ்கி, ஹாஃப்மனுடன் சேர்ந்து 1900-ஆம் ஆண்டில் விளக்கினார். அவர் பெயரால் அச்சோதனை இன்றும் வழங்குகிறது. தலையை ஒவ்வொரு தோள் பக்கமும் சாய்க்கச் செய்து, எந்தப் பக்கம் சாயும்போது எந்த விழி ஏறுகிறது என்று மருத்துவர் பார்ப்பார். என் மாணவர் தலையை வலப்புறம் சாய்த்ததும் வலது விழி ஏறியது.

மருத்துவர் பழைய புகைப்படங்களையும் கேட்டார். ஐந்து வயதில் எடுத்த படத்திலேயே தலை இடப்புறம் சாய்ந்திருந்தது. எனவே குறை பழையது என்பது உறுதியாயிற்று. ஆனால் ஒருவருக்குத் திடீரென இரட்டைப் பார்வை தோன்றினால், காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

தலை சாய்வதெல்லாம் கண்ணால்தான் என்று முடிவு செய்துவிடாதீர்கள். கழுத்துத் தசை இறுகினாலும் தலை சாயும். இரண்டையும் பிரித்தறிய மருத்துவர் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். ஒரு கண்ணில் இரட்டைப் பார்வைக்கு இடமில்லை; ஆகவே காரணம் கண்ணானால் தலை பெரும்பாலும் நிமிரும். தொலைநோக்கியின் முன் என் மாணவர் நாள்தோறும் அந்தச் சோதனையைத்தான் செய்துகொண்டிருந்தார். கருவியின் அளவீட்டைக் கவனிக்கச் சொல்லிக் கொடுத்த நான், எதிரே இருந்த அளவீட்டைக் கவனிக்கத் தவறிவிட்டேன். உங்கள் வகுப்பிலும் தலை சாய்த்து எழுதும் தோழர் இருந்தால், கேலி செய்யாமல் ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்லுங்கள்.